சாப்பாட்டுக்கும் ஒரு ஆடிட்டர்!

ஆஸ்பத்திரியில் நாம் பயப்படுவது மூன்று பேருக்கு. ஒருவர், ஊசியோடு வரும் நர்ஸ். இரண்டாமவர், பில்லோடு வரும் கேஷியர். மூன்றாமவர், கையில் ஒரு அட்டையோடு சிரித்த முகமாக வந்து, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கும் டயட்டீஷியன்.

முதல் இரண்டு பேரிடம் நாம் பொய் சொல்வதில்லை. சொல்லியும் பிரயோஜனமில்லை. மூன்றாமவரிடம்தான், "ரெண்டே ரெண்டு இட்லி மேடம், அதுவும் சட்னி தொட்டுக்காம" என்று கூசாமல் அளந்து விடுகிறோம். இன்கம்டாக்ஸுக்கு வருமானத்தைக் குறைத்துக் காட்டுகிற அதே பழக்கம்! அங்கே மாட்டினால் அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம். இங்கே அபராதத்தைக் கட்டுவது நம் சிறுநீரகமும் இதயமும்.

டயட்டீஷியன் என்றாலே 'அதைத் தொடாதே, இதைத் தின்னாதே' என்று சாப்பாட்டு மேஜைக்கு 144 தடை உத்தரவு போடுகிறவர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தடை போட ஆறு வருஷப் படிப்பு எதற்கு? அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. டயட்டீஷியனின் வேலை அதற்கு நேர் எதிர். 'இந்த வியாதி, இந்த மாத்திரை, இந்த வருமானம், இந்த வீட்டுச் சமையல்... இத்தனைக்கும் நடுவே இந்த மனிதர் எதையெல்லாம் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கலாம்?' என்று கண்டுபிடித்துச் சொல்வது. தள்ளுவதைவிடச் சேர்ப்பதில்தான் சூட்சுமம்.

'டயட்' என்ற சொல்லின் மூலம் கிரேக்க மொழியில் இருக்கிறது. அங்கே அதற்குப் பட்டினி என்று அர்த்தமில்லை. வாழும் முறை என்று அர்த்தம். நாம்தான் அதைப் பட்டினிக்குப் பெயராக மாற்றிவிட்டோம்!

நாலு காபிக் கணக்கு

பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தொழிலில் பிடித்த விஷயம், இதன் அஸ்திவாரமே வரவு செலவுக் கணக்கு என்பதுதான். ஒரு கிராம் மாவுச்சத்து என்றால் 4 கலோரி. ஒரு கிராம் புரதம் என்றால் அதுவும் 4. ஒரு கிராம் கொழுப்பு என்றால் 9. இது வரவு. நடை, ஓட்டம், மூச்சு, ஃபைல் தூக்குவது எல்லாம் செலவு. மிச்சம் வந்தால் உடம்பு அதை ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டுவிடுகிறது. எந்த பிராஞ்ச் என்று கேட்கவேண்டாம், பெல்ட்டைப் பார்த்தால் தெரியும்.

ஆபீஸ் ஆசாமி ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு நாலு காபி. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் 40 கிராம், 160 கலோரி. 'பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றும். 365 நாளால் பெருக்குங்கள். 58,400 கலோரி! ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு ஏழரைக் கிலோ. ஏழரைச் சனி என்பது இதுதானோ என்னவோ!

இது காகிதக் கணக்கு. உடம்பு இப்படி நேர்கோட்டில் நடக்காது. எடை ஏற ஏறச் செலவும் கொஞ்சம் ஏறும், உழைப்பு கூடினால் கரையும். அதனால்தான் கால்குலேட்டர் வைத்திருக்கிறவர்களெல்லாம் டயட்டீஷியன் ஆகிவிட முடிவதில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. 2,000 கலோரி தேவைப்படுகிறவரின் ஒரு நாள் தட்டு எப்படி இருக்கவேண்டும் என்று அதில் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகள், விதைகள் 35 கிராம், எண்ணெய், கொழுப்பு 27 கிராம். தட்டில் பாதி காய்கறியும் பழமும் என்பதுதான் சாராம்சம்.

இப்போது நம் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். நடுவே சாதம் மலைபோல் நிற்கும். பொரியல் அந்த மலையடிவாரத்தில் ஒற்றைக் குடிசையாக ஒதுங்கியிருக்கும். அதையும் 'கறிவேப்பிலை அதிகம்' என்று ஒதுக்குவோம்.

விளைவு? ஐ.சி.எம்.ஆரும் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர்கள், அதாவது சர்க்கரை வரப்போகும் நிலையில் இருப்பவர்கள், இன்னும் 13.6 கோடி. இத்தனை பேருக்கும் டாக்டர் இரண்டு நிமிஷத்தில் 'சாப்பாட்டைக் கவனிச்சுக்குங்க' என்று சொல்லி அனுப்புகிறார். எப்படிக் கவனிப்பது என்று உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

இளநீர் செய்த குற்றம்

ஒரு கேஸ் பார்ப்போம். கற்பனைதான். ஆனால் எந்த சிறுநீரக வார்டிலும் இதன் நகல் கிடைக்கும்.

ஹெட் கிளார்க் ஒருவர். வயது 52, எடை 60 கிலோ. பல வருஷத்து சர்க்கரை, சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிட்டது. இன்னும் டயாலிசிஸ் தேவைப்படாத கட்டம். புரதம் செரித்த கழிவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அதன் பாரத்தைக் குறைக்க டயட்டீஷியன் புரதத்தை அளந்து கொடுக்கிறார். கிலோ எடைக்கு 0.6-லிருந்து 0.8 கிராம். அதாவது நாளுக்கு 36-லிருந்து 48 கிராம். மனைவி அந்தச் சீட்டை பத்திரமாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, அட்சரம் பிசகாமல் சமைத்துப் போடுகிறார்.

ஒன்றரை வருஷம் கழித்து டயாலிசிஸ் தொடங்குகிறது. சீட்டு அப்படியே ஃபிரிட்ஜ் கதவில்.

இங்கேதான் ஆபத்து. டயாலிசிஸ் வந்த பிறகு கணக்கு தலைகீழ்! ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்ந்து புரதத்தின் சத்தும் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. இப்போது அவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். அதாவது 60-லிருந்து 72 கிராம். பழைய சீட்டையே பிடித்துக்கொண்டிருந்தால் தசை கரையும், நடை தளரும், சின்னக் காய்ச்சலைக்கூடத் தாங்கமுடியாமல் போகும். சீட்டில் தப்பில்லை. அதன் தேதிதான் காலாவதி.

அடுத்து, பார்க்க வரும் உறவினர்கள். வெறும் கையோடு வரலாமா? "உடம்பு சூட்டைத் தணிக்கும், குடிங்க மாமா" என்று இளநீர் வாங்கி வருகிறார் மாப்பிள்ளை. இளநீர் நல்லதுதான். உங்களுக்கும் எனக்கும். அதில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். நின்றே போகலாம். இதே கதைதான் கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு'க்கும். பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம். பிளட் பிரஷருக்கு நல்லதென்று மகன் ஆசையாக வாங்கி வருவது அப்பாவுக்கு ஆபத்தாக முடியலாம்.

'காய்கறியிலும் பொட்டாசியம் இருக்கிறதே, அப்போது காயே கூடாதா?' என்று கேட்டால், டயட்டீஷியன் தடை போடமாட்டார். வழி சொல்வார். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்வார். பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். எந்தக் காய், எவ்வளவு என்பதை அந்த மாத ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பக்கத்து வீட்டுக்காரரின் டயட் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது என்பது, அவருடைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவதற்குச் சமம்.

சர்க்கரைக்காரர்களின் விரதம் இன்னொரு ரகம். சனிக்கிழமை ஒருபொழுது. காலையில் மாத்திரை மட்டும் வழக்கம்போல் உள்ளே போய்விடும், இட்லி போகாது. சில மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு வந்ததா என்று விசாரித்துவிட்டு வேலை செய்வதில்லை. மதியத்துக்குள் சர்க்கரை தடாலென்று இறங்கி, ஆள் ஆபீஸ் படிக்கட்டில் சரிவார். நல்ல டயட்டீஷியன் 'விரதம் மூடநம்பிக்கை' என்று பிரசங்கம் செய்யமாட்டார். "எந்தக் கிழமை விரதம் இருப்பீங்க?" என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொண்டு, டாக்டரிடம் மாத்திரை நேரத்தைப் பற்றிப் பேசி ஏற்பாடு செய்வார்.

காலை முதல் மாலை வரை

பெரிய ஆஸ்பத்திரி டயட்டீஷியனின் நாள் வார்டில் தொடங்குகிறது. புது நோயாளிகளை அட்மிட் ஆன சூட்டோடு பார்த்து, சமீபத்தில் எடை குறைந்ததா, பசி எப்படி, விழுங்கமுடிகிறதா என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளவேண்டும். பிறகு ஒவ்வொரு படுக்கைக்கும் உணவு வகை. ஒருவருக்குச் சாதாரண சாப்பாடு, அடுத்தவருக்குக் குழைந்தது, அதற்கடுத்தவருக்கு வெறும் நீராகாரம், ஐ.சி.யூ.வில் இருப்பவருக்கு மூக்குவழி டியூப். டியூப்பில் போகும் ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு உண்டு.

அடுத்து கிச்சன். உப்பில்லாத சாம்பார் ஏழு, உப்புள்ள சாம்பார் நாற்பது என்றால், அந்த ஏழும் சரியான ஏழு படுக்கைக்குப் போய்ச் சேரவேண்டும். மாறிப்போனால் சாப்பாடே விஷம். மத்தியானம் வெளிநோயாளிகள். சாயங்காலம் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு வீட்டுச் சமையல் பாடம்.

இதிலே கஷ்டமான வேலை எது தெரியுமா? உண்மையை வரவழைப்பது.

"காலைல என்ன சாப்பிடுவீங்க?"

"ரெண்டு இட்லி."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணுமில்லீங்க."

"பத்து மணிக்கு ஆபீஸ் கேன்டீன்ல?"

"காபி மட்டும்."

"காபியோட?"

கொஞ்சம் மௌனம். "...ஒரே ஒரு வடை."

"யாருக்காவது பர்த்டேன்னா?"

"அது வாரத்துல மூணு வருது மேடம்!"

போலீஸ் விசாரணை மாதிரி தெரிகிறதா? ஆனால் அதட்டினால் அடுத்த முறை அந்த வடையும் வெளியே வராது. அதட்டாமல், முகம் சுளிக்காமல், சிரித்துக்கொண்டே வடை வரைக்கும் வரத் தெரிந்தவர்தான் தேர்ந்த டயட்டீஷியன்.

நீண்ட நாள் பட்டினி கிடந்தவர் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. 'பாவம், நல்லா சாப்பிடட்டும்' என்று ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற உப்புகள் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட பட்டினிக் கைதிகள் சிலர், சாப்பாடு கிடைத்த பிறகு செத்துப்போன சோகத்திலிருந்து மருத்துவ உலகம் கற்ற பாடம் இது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற அந்த அளவுதான் டயட்டீஷியனின் கைவேலை.

குன்னூரில் ஒற்றை அறை

இந்தத் துறைக்கு நம் ஊர்ச் சரித்திரம் ஒன்று உண்டு. 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒற்றை அறை ஒன்றில் ராபர்ட் மெக்கரிசன் என்ற ஐரிஷ் டாக்டர், பெரிபெரி நோயைப் பற்றி ஆராய உட்கார்ந்தார். தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய அரிசியையே நம்பியிருப்பவர்களுக்கு, தவிட்டோடு போய்விட்ட 'பி1' வைட்டமின் இல்லாமல் வரும் நோய் அது. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 2017-ல் அவர்கள் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள். அக்கவுண்டன்டுக்கு லெட்ஜர் எப்படியோ, டயட்டீஷியனுக்கு அந்த அட்டவணை அப்படி.

அந்த நிறுவனத்தின் டைரக்டராக இருந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். பின்னாளில் ஐ.சி.எம்.ஆருக்கே தலைவரானார். 1918-ல் பிறந்து 2019-ல் மறைந்தார். நூறு வயது தாண்டி வாழ்ந்து, தன் துறைக்குத் தானே விளம்பரமாக இருந்த மனிதர்! கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை (தொடக்கம் 1957) வளர்த்தெடுத்த டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் இன்னொருவர். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றவர்.

நீங்களும் ஆகலாம்

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்குத்தான் கதவு அகலத் திறக்கும். வேதியியலும் உயிரியலும் முக்கியம். ('பி.காம். முடிச்சிட்டேன், சேரலாமா?' என்று கேட்பவர்கள் என்னைப்போல் கட்டுரை எழுதலாம்.)

முதல் படி, பி.எஸ்ஸி. ஊட்டச்சத்தும் உணவியலும், கிளினிக்கல் நியூட்ரிஷன், அல்லது மனையியல். வழக்கமாக மூன்று வருஷம். இரண்டாவது படி, அதே துறையில் இரண்டு வருஷ எம்.எஸ்ஸி., அல்லது உணவியலில் முதுநிலை டிப்ளமோ. மூன்றாவது, ஆஸ்பத்திரியில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். அதன்பின் 1963-ல் தொடங்கப்பட்ட இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் நடத்தும் 'ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன்' பரீட்சை. பாஸானால் பெயருக்குப் பின்னால் 'ஆர்.டி.' என்று போட்டுக்கொள்ளலாம். வங்கியில் போடும் ஆர்.டி.யைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

சமையல் படிப்புதானே என்று அலட்சியமாகப் போனால் முதல் செமஸ்டரிலேயே கண் பிதுங்கும். உயிர்வேதியியல், உடலியல், நுண்ணுயிரியல், புள்ளியியல், உளவியல் என்று எல்லாம் வரிசையில் நிற்கும்.

இப்போது சேர்கிறவர்கள் கவனிக்கவேண்டிய இரண்டு விஷயங்கள். 2021-ல் மத்திய அரசு மருத்துவம் சார்ந்த தொழில்களுக்குத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இருவரும் அதற்குள் வருகிறார்கள். பதிவேடும் பொதுப் பாடத்திட்டமும் இதன் நோக்கம். 2025-ல் உணவியலுக்கான புதுப் பாடத்திட்டம் வெளியாகியிருக்கிறது. அதே 2025-ல் யு.ஜி.சி., இந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தபால் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று நிறுத்திவிட்டது. ஆகவே பீஸ் கட்டுமுன், படிப்பு புது விதிகளுக்குப் பொருந்துமா என்று கல்லூரி ஆபீஸில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

'இது பெண்கள் படிப்பு சார்' என்று இழுக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அவினாசிலிங்கம், சென்னையின் ராணி மேரி, எத்திராஜ், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயர்பெற்ற இடங்கள் பல மகளிர் கல்லூரிகள் என்பது நிஜம். ஆனால் கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற இருபாலர் இடங்களிலும் இந்தத் துறை இருக்கிறது. ஹைதராபாத் நிறுவனமே எம்.எஸ்ஸி. நடத்துகிறது. மேலே சொன்ன மெக்கரிசனும் கோபாலனும் ஆண்கள்தானே!

வேலை? ஆஸ்பத்திரி மட்டுமில்லை. ஹாஸ்டல், தொழிற்சாலை கேன்டீன், விளையாட்டு அணி, உணவுக் கம்பெனி, அங்கன்வாடி போன்ற அரசுத் திட்டங்கள், ஆராய்ச்சி, கல்லூரி என்று பல வாசல்கள். ஆனால் ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டு மூர்ச்சை போடாதீர்கள். அனுபவமும் ஸ்பெஷல் திறமையும் சேர்ந்த பிறகுதான் கை நிறையும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

பவுடர் விற்கிறவரா? பத்தடி தள்ளி நில்லுங்கள்!

சரியான டயட்டீஷியன்கள் பெருகாத இடத்தில் யார் வந்து உட்காருவார்கள்? வார இறுதியில் சான்றிதழ் வாங்கியவர்கள்! ஜிம் வாசலிலும் செல்போனிலும் ஆளுக்கொரு 'நியூட்ரிஷன் கோச்'. ஹெட் கிளார்க்குக்கு இவர்கள் ஒரு டப்பா புரதப் பவுடர் விற்றால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். ஆளைத் தெரிந்துகொள்ளச் சில அடையாளங்கள்:

* உங்கள் ரத்தப் பரிசோதனையையும், சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்காமலே சீட்டு எழுதினால், எழுந்து வந்துவிடுங்கள்.

* 'பதினைந்து நாளில் பத்துக் கிலோ' என்றால், குறையப்போவது உங்கள் பர்ஸ்.

* ஆலோசனை இலவசம், பவுடர் டப்பா மட்டும் காசு என்றால், அவர் டயட்டீஷியன் இல்லை, சேல்ஸ்மேன்.

* 'சர்க்கரை மாத்திரையை நிறுத்திடுங்க, இன்சுலின் வேண்டாம்' என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. நல்ல டயட்டீஷியன் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டமாட்டார்.

* என்ன படித்தீர்கள், எங்கே இன்டர்ன்ஷிப், ஆர்.டி. உண்டா என்று தைரியமாகக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ளமாட்டார். சந்தோஷப்படுவார்.

சரியான ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? அப்பாயின்ட்மென்டுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை. மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், வாயில் போட்டதையெல்லாம் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். குழந்தை மீதம் வைத்த அரை தோசை, சீட்டில் வந்து விழுந்த பர்த்டே கேக், மேனேஜர் உபயத்தில் மிக்ஸர், எல்லாம். மாத்திரைப் பட்டியல், கடைசி ரத்தப் பரிசோதனை இரண்டையும் நோட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டில் சமைப்பது யாரோ அவரையும் கையோடு கூட்டிப்போங்கள். சீட்டு உங்கள் பெயரில் இருந்தாலும் அதை அமல்படுத்தப்போவது அடுப்படிதான்.

பொய்க் கணக்கு கொடுத்தால் எந்த ஆடிட்டராலும் கம்பெனியைக் காப்பாற்ற முடியாது. அந்த ஒரே ஒரு வடையையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.